செம்பும் கண்ணாடியும்

1858-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில், அட்லாண்டிக் மாகடலின் அடியில் இடப்பெற்ற செப்புக் கம்பி வடத்தின் வழியே, விக்டோரியா அரசியார் அமெரிக்கக் குடியரசுத் தலைவர்க்கு வாழ்த்துச் செய்தி விடுத்தார். அதில் இருந்தவை 98 சொற்களே. அவை மறுகரை சேர ஏறத்தாழ 16 மணி நேரம் ஆயிற்று. குறிகளை விரைந்து அனுப்பின், அவை நெடுந்தொலைவில் பரந்து ஒன்றோடொன்று கலந்துவிடும். தெளிவு வேண்டி வைட்ஹவுஸ் என்பார் 2,000 வோல்ட்டு அளவில் மின்னழுத்தம் ஏற்றினார். தொலைவில் உள்ளார்க்குக் கேளாவிடில் உரக்கக் கூவுதல் மாந்தர் இயல்பு. கம்பியிடம் அது செல்லவில்லை. மூன்று வாரங்களில் வடம் ஊமையாயிற்று.

இக்காலக் கணினிகளும் 0, 1 என்னும் இரண்டே குறிகளை மின்துடிப்புகளாக்கிச் செப்புக் கம்பியில் அனுப்புகின்றன. கணினி வடத்தினுள் எட்டுக் கம்பிகள் இவ்விரண்டாக முறுக்கப்பட்டிருக்கும். இணையின் ஒரு கம்பியில் செல்லும் குறிக்கு நேர்மாறானது மற்றதில் செல்லும். அயலிலிருந்து வரும் மின் இடையூறு, முறுக்கின் காரணமாக, இரண்டையும் ஒப்பவே தாக்கும். பெறும் கருவியோ அவற்றின் வேறுபாட்டை மட்டுமே கொள்ளுமாதலின் இடையூறு கழிந்துபோகும். எளிய சூழ்ச்சி, எத்துணை நுட்பம்! எனினும் இவ்வகை வடத்தின் எல்லை 100 மீட்டரே.

தொலைவு மிகுந்தால் கண்ணாடி இழையே துணை. அதன் நடுப்பகுதியிற் புகும் ஒளி, சூழ்ந்துள்ள உறையால் மீண்டும் மீண்டும் உள்ளேயே எதிரொளிக்கப்பட்டு ஓடும். ஒளியாதலின் செம்பினும் பன்மடங்கு விரையும் என்று பலர் கருதுவர், அது பிழை. கண்ணாடியில் அதன் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 2 இலட்சம் கிலோமீட்டர். நல்ல செப்பு வடத்திலும் குறி ஏறக்குறைய அவ்வேகத்தில்தான் செல்லும். கண்ணாடியின் சிறப்பு, குறி தேயாது நெடுந்தொலைவு செல்வதிலும், மிகப் பல செய்திகளை ஒருங்கே சுமப்பதிலும் உள்ளது.

அச்சிறப்பும் எளிதில் வந்ததன்று. 1960-களில் இருந்த இழைகளில் 20 மீட்டர் கடந்ததும் நூற்றில் ஒரு பங்கு ஒளியே எஞ்சியது. குற்றம் கண்ணாடியினுடையதன்று, அதிற் கலந்த மாசினுடையது என்று 1966-இல் இங்கிலாந்தில் பணியாற்றிய சார்லஸ் காவ் எடுத்துரைத்தார். நான்கே ஆண்டுகளில், அதே ஒரு பங்கு 1 கிலோமீட்டர் கடந்தும் எஞ்சும் இழை உருவாயிற்று. இன்றைய இழையில் அத்தொலைவில் 95 பங்கு எஞ்சும். காவுக்கு நோபெல் பரிசு கிட்டியது 2009-இல். நாற்பத்துமூன்று ஆண்டுகள் காத்திருந்தார்!

2020 ஆகஸ்டில், சென்னையிலிருந்து அந்தமானுக்கு ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் நீளமுள்ள ஒளியிழை வடம் திறக்கப்பெற்றது. அதுகாறும் அத்தீவினரின் செய்திகள் 36,000 கிலோமீட்டர் உயரத்துச் செயற்கைக்கோளுக்கு ஏறி இறங்கின. இப்பொழுது, ஒரு நொடியை எண்பது கூறாக்கினால் அதில் ஒரு கூறு முடியுமுன் ஒளி கடலடியில் அக்கரை சேர்கின்றது.