வரைபடம் காட்டாத தூரம்

இலண்டன் நிலக்கீழ்ப் புகையிரத வரைபடத்தில் பாங்க், மொனியுமென்ற் நிலையங்கள் அருகருகே இணைந்த வட்டங்களாகத் தோன்றுகின்றன. ஆயினும் அங்கு பாதை மாறுவோர் நெடுந்தூரம் நடக்க வேண்டியுள்ளது. ஏன்?

மொனியுமென்ற் 1884இல் திறக்கப்பட்டது. சென்றல் பாதை 1900இல் பாங்க் நிலையத்துடன் தொடங்கிற்று. வெவ்வேறு கம்பனிகள் தனித்தனியே அமைத்த இவற்றுக்கிடையே இணைப்புவழி 1933இலேயே திறக்கப்பட்டது. அவ்வாண்டு வெளிவந்த ஹரி பெக்கின் வரைபடமும் தொடர்பைக் காட்டியதேயன்றித் தூரத்தைக் காட்டவில்லை.

ஈஸ்ற் ஹாமிலிருந்து ஒக்ஸ்போர்ட் சேர்க்கஸ் செல்வோர் மைல் எண்ட் நிலையத்தில் டிஸ்றிக்ற் பாதையிலிருந்து இறங்கி, அதே மேடையின் மறுபுறத்தில் சென்றல் பாதைக்கு மாறலாம். அம்மம்மாவின் முழங்கால் வலியை வரைபடம் அறியாது. உடன் செல்லும் நீங்கள் அறிவீர்கள். ஆதலின், வழியை முன்னரே ஆராய்ந்து புறப்படுங்கள்.

பயிற்சி: உங்கள் வீட்டிலிருந்து நம் பள்ளிக்கு நடை குறைந்த வழியைத் தமிழில் எழுதுக.