நியாயாசனத்தில் நீ ஏறாதே

பாளையங்கோட்டை

அன்புள்ள மகளே,

உன் கடிதம் வந்து சேர்ந்தது. போனில் கேட்டால் பெரியப்பா பிரசங்கம் செய்துவிடுவேன் என்று பயந்து எழுதினாயோ என்னவோ, நானும் கடிதத்திலேயே பதில் சொல்கிறேன். இதில் எனக்கு ஒரு வசதி, நடுவில் நீ குறுக்கிட முடியாது.

நீ கேட்டது இரண்டு. கன்வென்ஷன் கூட்டத்துக்கு உன்னோடு வந்த தோழி, பிரசங்கியார் நரகத்தை விவரித்ததைக் கேட்டுவிட்டு, "அப்போ போன மாசம் செத்துப்போன எங்க ஆச்சி எங்க இருக்காங்க?" என்று உன்னிடம் கேட்டிருக்கிறாள். நீ ஹாஸ்டலில் இருந்த காலத்தில் உனக்கும் சேர்த்துச் சோறு பொங்கிப் போட்ட ஆச்சி. உனக்கு வார்த்தை வரவில்லை. மற்றது நீ சட்டம் படித்ததால் வந்த கேள்வி. எழுபது எண்பது வருஷத்துக்குள் செய்த பாவத்துக்கு முடிவே இல்லாத தண்டனை என்றால் குற்றத்துக்கும் தண்டனைக்கும் பொருத்தம் எங்கே? இந்தக் குழப்பத்தில், ஞாயிறு ஆராதனையில் விசுவாசப் பிரமாணம் சொல்லும்போது கிறிஸ்து நியாயந்தீர்க்க வருவார் என்கிற இடத்தில் மட்டும் பேசாமல் நின்றுவிடுவதாக எழுதியிருக்கிறாய்.

முதலில் அந்த மௌனத்தை விடு. மற்ற எதைச் சொல்லாமல் விட்டாலும் அந்த இடத்தைச் சத்தமாகச் சொல். ஏன் என்று சொல்கிறேன்.

1968 டிசம்பர் 25. நம் கோயில்களில் கிறிஸ்துமஸ் ஆராதனை முடிந்து, எல்லார் வீட்டிலும் விருந்து ஓய்ந்திருந்த இரவு. அப்போதைய தஞ்சாவூர் மாவட்டத்துக் கீழவெண்மணியில், கூலி உயர்வு கேட்டுப் போராடிய தலித் விவசாயக் கூலிக் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர், பெரும்பாலும் பெண்களும் பிள்ளைகளும், உயிருக்குப் பயந்து ஒளிந்த குடிசையோடு எரிக்கப்பட்டார்கள். கீழ்க்கோர்ட்டு தண்டனை கொடுத்தது. மேல்முறையீட்டில் சென்னை உயர்நீதிமன்றம் கோபாலகிருஷ்ண நாயுடுவையும் மற்ற மிராசுதார்களையும் விடுதலை செய்தது. நிலமும் வசதியும் உள்ளவர்கள் தாங்களே இறங்கிப் போய்த் தீ வைத்திருப்பார்கள் என்று நம்புவது கடினம் என்கிற ரீதியில் தீர்ப்பு போனது. உனக்கு இது தெரிந்திருக்கும். தெரியாவிட்டால் இந்த வாரமே தேடிப் படி.

பூமியில் அந்த வழக்குக் கட்டு மூடப்பட்டுவிட்டது. வேதமோ மூடவில்லை என்கிறது. காயீன் கொன்றுபோட்ட ஆபேலின் இரத்தம் மண்ணுக்குள்ளிருந்து கடவுளைக் கூப்பிடுவது ஆதியாகமம் நாலாம் அதிகாரத்திலேயே வந்துவிடுகிறது. வெளிப்படுத்தின விசேஷத்தில் கொலையுண்டவர்கள் பலிபீடத்தின் கீழிருந்து, இன்னும் எவ்வளவு காலம் ஆண்டவரே என்று கேட்கிறார்கள். முதல் புத்தகத்திலிருந்து கடைசிப் புத்தகம் வரைக்கும் அந்த ஒரே மனு நிலுவையில் கிடக்கிறது. நியாயத்தீர்ப்பே கிடையாது என்று நீ சொன்னால், அந்தக் குடிசைக்குள் எரிந்தவர்களுக்கும் வெளியே நின்று எரித்தவர்களுக்கும் கடைசியில் ஒரே கணக்குத்தான் என்று சொன்னதாக ஆகும். கூட்டத்தில் கேட்ட நரகத்தைவிட அது கொடுமையாக எனக்குப் படுகிறது. 96ஆம் சங்கீதத்தை எடுத்துப் பார். கடவுள் நியாயந்தீர்க்க வருகிறார் என்ற செய்தி கேட்டு அங்கே கடல் முழங்குகிறது, வயல் களிகூருகிறது, காட்டு மரங்கள் பாடுகின்றன. பயந்து ஒளிகிற ஆள் ஒருவரும் அதில் இல்லை. நியாயம் கிடைக்காதவர்கள் கூடியிருக்கிற இடத்தில் நீதிபதி வருகிறார் என்பது நல்ல செய்திதானே?

கீழவெண்மணிக் கதைக்கு இன்னொரு முடிவும் உண்டு. 1980இல் கோபாலகிருஷ்ண நாயுடு வெட்டிக் கொல்லப்பட்டார். கோர்ட்டு கைவிட்ட இடத்தில் அரிவாள் வந்தது. அதைக் கேட்டு மனசுக்குள் ஒரு நிமிஷம் சரிதான் என்று தோன்றாதவர் குறைவு. இந்த இடத்தில் குரோஷியாவில் பிறந்த இறையியலாளர் மிரோஸ்லாவ் வோல்ஃப் சொல்வது எனக்கு உதவியது. யூகோஸ்லாவியா உடைந்தபோது நடந்த படுகொலைகளை மனதில் வைத்து 1996இல் வந்த ஒரு நூலில் அவர் எழுதினார். ஊர் எரிந்து, பெண்கள் சீரழிக்கப்பட்டு நிற்கிற ஜனங்களிடம் பழிவாங்காதே என்று சொல்ல வேண்டுமானால், பழியைத் தன் கையில் எடுத்துக்கொண்ட கடவுள் ஒருவர் இருந்தாக வேண்டும் என்பது அவர் வாதம். கடவுள் யாரையும் தண்டிக்கவே மாட்டார் என்பது பாதுகாப்பான வீட்டில் உட்கார்ந்திருப்பவருக்கு வருகிற எண்ணம் என்றும் அவர் நினைக்கிறார். ரோமருக்கு எழுதின நிருபத்தில் பவுல் பழியைக் கடவுளிடம் விட்டுவிடச் சொன்னதும் இதே காரணத்துக்குத்தான். அரிவாளைக் கீழே போடு என்பதற்கு அடியில், உன் வழக்கு தள்ளுபடியாகவில்லை என்ற உத்தரவாதம் இருக்கிறது.

இனி, நீதிபதி யார் என்று பார். தன் வழக்குக்குத் தானே நீதிபதியாக யாரும் இருக்கக்கூடாது என்பது நீ கல்லூரியில் படித்த முதல் பாடங்களில் ஒன்று. மத்தேயு 25இல், ஜனங்களை வலதுபக்கம் இடதுபக்கம் என்று பிரித்து நிறுத்துகிற நியாயத்தீர்ப்புக் காட்சி அந்த விதியை உடைத்துத்தான் தொடங்குகிறது. சிங்காசனத்தில் இருக்கிறவர், பசித்தவன் நான், அந்நியன் நான், சிறையில் கிடந்தவன் நான் என்கிறார். வாதியும் அவர், நீதிபதியும் அவர். நம் கோர்ட்டில் இது செல்லாது. ஆனால் அவர் ஏற்கெனவே குற்றவாளிக் கூண்டில் நின்றவர் என்பதையும் சேர்த்து யோசி. ராத்திரியில் கூட்டிய விசாரணை, ஒன்றோடொன்று ஒட்டாத சாட்சிகள், குற்றம் ஒன்றும் காணவில்லை என்று சொல்லிக்கொண்டே கூட்டத்துக்குப் பயந்து மரண தண்டனைக்கு ஒப்புக்கொடுத்துக் கை கழுவிய பிலாத்து. பொய்த் தீர்ப்பு மனுஷனை என்ன செய்யும் என்று உடம்பில் அறிந்த நீதிபதி வேறு எங்கே கிடைப்பார்?

அந்த அதிகாரத்தில் என்னை விடாமல் துரத்துவது வேறொன்று. இடதுபக்கம் நின்றவர்கள் மட்டும் திகைக்கவில்லை, வலதுபக்கம் நின்றவர்களும் திகைக்கிறார்கள். நாங்கள் எப்போது உம்மைக் கண்டோம் என்று இரண்டு கூட்டமும் ஒரே கேள்வியைக் கேட்கின்றன. தங்களுக்கு என்ன தீர்ப்பு என்று முன்கூட்டியே தெரிந்தவர் அங்கே ஒருவரும் இல்லை. என் சின்ன வயசில் கிறிஸ்தவ வீடுகளில் விசாலமான வழி, இடுக்கமான வழி என்று ஒரு படம் தொங்கும். ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட்டிலிருந்து புறப்பட்ட படம், 1866இல் வந்தது. விசாலமான வழியில் நாடகக் கொட்டகை, சூதாட்டம், ஓய்வுநாளில் ஓடுகிற ரயில்கூட உண்டு! மத்தேயு 25இல் ரயிலும் இல்லை, கொட்டகையும் இல்லை. சாப்பாடு, தண்ணீர், துணி, நோயாளி, கைதி, அந்நியன், அவ்வளவுதான். நம்மில் பலர் ஞாயிறு ரயிலுக்குப் பயந்து வளர்ந்துவிட்டு, ஜெயில் பக்கம் எட்டிப் பார்க்காமலே சாகிறோம்.

லூக்காவில் வருகிற ஐசுவரியவான் கதையும் அப்படித்தான். அவன் திருடியதாகவோ அடித்ததாகவோ அங்கே குற்றச்சாட்டு இல்லை. வாசலில் லாசரு கிடந்தான், இவன் தினமும் விருந்து சாப்பிட்டான். வேதனையில் கிடக்கும்போதுகூட அவன் லாசருவோடு நேரே பேசவில்லை. ஆபிரகாமிடம், அவனை அனுப்பும், தண்ணீர் கொண்டுவரட்டும் என்கிறான். செத்த பிறகும் லாசரு அவனுக்கு வேலைக்காரன்தான். நரகத்துக்கு நெருப்பை வெளியிலிருந்து கொண்டுபோக வேண்டுமா என்று அதைப் படிக்கிறபோதெல்லாம் நினைப்பேன்.

உன் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். அதை முதலில் கேட்டவள் நீ இல்லை. மூன்றாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவின் ஒரிகன், கடவுளின் தண்டனை எல்லாம் மருந்து, கடைசியில் சிருஷ்டி முழுவதும் அவரிடம் திரும்பும் என்ற நம்பிக்கையை எழுதிவைத்தார். அவர் பேரில் பரவிய அந்த உபதேசத்தை 543இல் ஜஸ்டினியன் சக்கரவர்த்தி கண்டித்தார். அகுஸ்தீன் தண்டனை முடிவற்றதுதான் என்று வாதாடினார், மேற்குச் சபை பெரும்பாலும் அவர் பின்னால் போனது. திருநெல்வேலிக்கு மிஷனரிகளை அனுப்பிய இங்கிலாந்துச் சபையிலேயே ஒரு வேடிக்கை நடந்தது. 1553இல் வகுத்த 42 பிரமாணங்களில் கடைசியானது, எல்லாரும் முடிவில் இரட்சிக்கப்படுவார்கள் என்பதைக் கண்டித்தது. பத்து வருஷம் கழித்துத் திருத்தியபோது அதை எடுத்துவிட்டார்கள். ஆனாலும் 1853இல் இதே விஷயத்தைக் கிளறிய எஃப். டி. மாரிஸ் லண்டன் கிங்ஸ் கல்லூரியில் பேராசிரியர் வேலையை இழந்தார். 1988இல் ஜான் ஸ்டாட், யாரும் தாராளவாதி என்று பழிக்க முடியாத மனிதர், துன்மார்க்கர் முடிவில் இல்லாமலே போய்விடுவார்கள் என்பதும் வேத அடிப்படையுள்ள கருத்தாகலாம் என்று எழுதிச் சகாக்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார்.

நான் என்ன நினைக்கிறேன் என்று கேட்பாய். நரகம் இல்லை என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. இயேசுவே அதைப் பேசியிருக்கிறார். ஆனால் எல்லாருக்கும் ஒரே தண்டனை என்று அவர் பேசவில்லை. எஜமானின் சித்தத்தை அறிந்தும் செய்யாதவனுக்கு அதிக அடி, அறியாமல் தவறியவனுக்குக் கொஞ்ச அடி என்று லூக்கா 12இல் இருக்கிறது. குற்றத்துக்கேற்ற தண்டனை என்ற எண்ணத்தை நீ சட்டப் புத்தகத்திலிருந்து வேதத்துக்குக் கொண்டுபோக வேண்டியதில்லை, அது அங்கேயே இருக்கிறது. அதிக அடி வாங்குகிறவர் யார் என்று கவனி. வேதம் தெரிந்தவர். அதாவது நாம்.

நம் வேதம் அறியாத ஆச்சியின் விஷயத்துக்கும் இதிலேயே பாதி பதில் இருக்கிறது. மீதியை ஆபிரகாமிடம் கேள். சோதோமுக்காக அவன் கடவுளிடம் ஐம்பது பேரில் தொடங்கிப் பத்துப் பேர் வரை பேரம் பேசினான். பூமிக்கெல்லாம் நியாயாதிபதி நீதி செய்யாமல் இருப்பாரா என்று கடவுளின் முகத்துக்கு நேரே கேட்டான். கடவுள் கோபப்படவில்லை. நியாயப்பிரமாணம் இல்லாத ஜனங்களின் மனச்சாட்சியையும் அந்த நாளில் கணக்கில் எடுப்பார் என்று பவுல் ரோமர் இரண்டாம் அதிகாரத்தில் எழுதினார். ஆச்சியை விசாரிக்கப்போகிறவர் உன்னைவிட அவளை அதிகமாய் நேசிக்கிறவர். கத்தோலிக்கரிடம் எனக்குப் பிடித்த ஒரு வழக்கம் உண்டு. எத்தனையோ பேரைப் புனிதர் என்று பேர் சொல்லி அறிவித்த அந்தச் சபை, இன்னார் நரகத்தில் இருக்கிறார் என்று ஒருவர் பேரையும் இதுவரை அறிவித்ததில்லை. கூட்டத்தில் பேசிய பிரசங்கியாருக்கு அந்த அடக்கம் இல்லாமல் போனது. கடைசி நியாயத்தீர்ப்பு என்றால் அதற்கு முன்னால் வருகிற நம் தீர்ப்பு எல்லாம் இடைக்கால உத்தரவுதான். களையைப் பிடுங்கட்டுமா என்று கேட்ட வேலைக்காரரை, அறுப்பு வரை விட்டுவிடுங்கள், கோதுமையும் சேர்ந்து போய்விடும் என்று வீட்டெஜமான் தடுத்த உவமையை அந்தப் பிரசங்கியார் ஒருமுறை வாசிக்கட்டும்.

நியாயத்தீர்ப்பு முதலில் தேவனுடைய வீட்டில்தான் தொடங்கும் என்று பேதுரு எழுதினார். 1833இல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி வேற்றுமை ஒழிய வேண்டும் என்று சுற்றறிக்கை விட்டபோது, தஞ்சாவூரிலும் சென்னை வேப்பேரியிலும் பலர் சாதியைக் காப்பாற்றிக்கொண்டு சபையை விட்டு வெளியே போனார்கள். இன்றைக்கும் தமிழ்நாட்டில் சில இடங்களில் கல்லறைத் தோட்டத்துக்குள்ளேயே சுவர் வைத்துச் சாதிப் பிரிவினை உண்டு. எக்காளம் ஊதும்போது இந்தச் சுவரின் இரண்டு பக்கத்திலிருந்தும் எழுந்து வரப்போகிறார்கள். ஆச்சியின் கணக்கைப் பற்றிக் கவலைப்படுகிறவர்களுக்கு அந்தச் சுவரின் கணக்கே போதும்.

கடைசியாக ஒரு எச்சரிக்கை. இந்த உபதேசத்தை ஏழைகளுக்குத் தூக்க மருந்தாகக் கொடுத்த காலம் உண்டு, இப்போதும் கொடுக்கிறார்கள். மேலே ஒருவர் பார்த்துக்கொள்வார், நீ பொறுத்துக்கொள் என்று, பொறுக்க வேண்டிய அவசியம் இல்லாதவர்கள் சொல்வார்கள். மண்ணை வாரித் தூற்றி, உன்னைக் கடவுள் கேட்பார் என்று அழுகிற பெண் அதைச் சொல்லலாம், அது அவள் ஜெபம். அவளுடைய வக்கீல் சொல்லக்கூடாது. ஆமோஸ் தீர்க்கதரிசி காத்திருக்கச் சொல்லவில்லை. ஊர் வாசலில், அதாவது அந்தக் காலத்துக் கோர்ட்டில், நியாயத்தை நிலைநிறுத்துங்கள் என்று சத்தம்போட்டார். கடைசி நீதிபதி வருகிறார் என்று நம்புகிறவளுக்கு இங்கே வேலை குறையாது.

தோழி வீட்டுக்கு ஒருநாள் போய் வா. ஆச்சியைப் பற்றி அவர்கள் பேசட்டும், நீ கேட்டுக்கொண்டிரு. அவள் மறுபடி அதே கேள்வியைக் கேட்டால், எனக்குத் தெரியாது, ஆனால் தீர்ப்புச் சொல்கிறவர் நல்லவர் என்று மட்டும் சொல்.

கல்குவாரியில் கை போன அந்தத் தொழிலாளிக்கு நஷ்டஈடு இல்லை என்று உத்தரவாகி, மேல்முறையீட்டுக்கு நாள் ஓடிக்கொண்டிருப்பதாகவும், சீனியர் அசட்டையாக இருப்பதாகவும் கடிதத்தின் ஓரத்தில் எழுதியிருந்தாய். கெடு முடிவதற்குள் நீயே மனுவைத் தயார் செய்து அவர் மேசையில் வை. பணம் தேவைப்பட்டால் எனக்கு எழுது.

உன் பெரியப்பா