இளவேனிற் பருவத்தில் பனிமலைப் பயணம்

ஏப்ரல் மாதத்தில் இமயத்தின் மணாலிப் பள்ளத்தாக்கில் ஆப்பிள் மரங்கள் பூக்கின்றன. அங்கிருந்து ஏறத்தாழ 1,900 மீட்டர் மேலே, 3,978 மீட்டர் உயரத்திலுள்ள ரோதங் கணவாயோ அப்போதும் பனி மூடிக் கிடக்கும். 1,000 மீட்டர் ஏறுந்தோறும் வெப்பநிலை சராசரியாக 6.5 செல்சியஸ் பாகை குறைவதே இதற்குக் காரணம். ஆகவே, அடிவாரத்துப் பருவத்தைக் கொண்டு மலைப்பயணத்தைத் திட்டமிடலாகாது.

இப்பருவத்தில் பனியின் உறுதி மணிக்கு மணி மாறுகிறது. தெளிந்த இரவில் பனிப்பரப்பு தன் வெப்பத்தை வானுக்கு வெளியிட்டு இறுகுகிறது. பகலிலோ, வெயிலால் உருகிய நீர் உள்ளிறங்கிப் பனித்துகள்களின் பிணைப்பைத் தளர்த்துகிறது. அப்போது 30 முதல் 45 பாகை வரை சாய்ந்த சரிவுகளில் ஈரப்பனி பெயர்ந்து விழக்கூடும். ஓடைகளின் மீதுள்ள பனிப்பாலங்களும் வலுவிழக்கும்.

எனவே, விடியுமுன் புறப்பட்டு, நண்பகலுக்குள் சரிவுகளைக் கடந்து மீளுதல் வேண்டும். இரவில் மேகம் மூடியிருப்பின் பனி நன்கு இறுகியிராது. அன்று பயணத்தை ஒத்திவைப்பதே முறை. காலடி கணுக்காலுக்கு மேல் புதையத் தொடங்குமாயின் உடனே திரும்புக. மாணவரை அழைத்துச் செல்லும் ஆசிரியர், திரும்பும் நேரத்தைப் புறப்படுமுன்னரே அவர்களுக்கு அறிவித்துவிட வேண்டும். உச்சி அருகில் தோன்றினும் அந்நேரத்தை மீறலாகாது.