கொழுந்தும் கழிவும்



கொழுந்து மடுவத்தில் நிறுவைக்கு முன் கணக்கப்பிள்ளை கூடைக்குள் கையை விட்டுக் கிளறிப் பார்ப்பது ஏன்? இரண்டு இலையும் ஒரு மொட்டும் இருக்க வேண்டிய இடத்தில் முற்றிய இலையும் தண்டும் கலந்திருக்கின்றனவா என்று அறியத்தான். இலை கெட்டால், எத்துணை உயர்ந்த இயந்திரமும் நல்ல தேயிலையைத் தராது. மலைநாட்டிலே சிறு பிள்ளையும் அறிந்த உண்மை இது. இன்று கைத்தொலைபேசி வழியாக நம் லயத்துக்குள் வந்து சேரும் எழுத்துக்கும் படத்துக்கும் இவ்வுண்மை எவ்வாறு பொருந்துகிறது என்பதை இவ்வாரம் ஆராய்வோம்.

இயந்திரம் எழுதும் விதம்

செயற்கை நுண்ணறிவு என்பது மந்திரமன்று. மனிதர் எழுதி வைத்த கோடிக்கணக்கான பக்கங்களைக் கொண்டு, எந்தச் சொல்லை அடுத்து எந்தச் சொல் வரும் என்பதைக் கணினி பழகிக்கொள்கிறது. நாம் ஒன்றைக் கேட்டால், அப்பழக்கத்தின்படி சொற்களைக் கோத்துத் தருகிறது. ஆங்கிலத்தில் வந்த கடிதத்தின் பொருளைத் தமிழில் அறிந்துகொள்ளவும், பிள்ளையின் கணக்குப் பாடத்தை விளங்கிக்கொள்ளவும் இது உதவும் என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் சரளமான வசனம் வேறு, உண்மையான வசனம் வேறு. முன்னதை அது எளிதிற் செய்யும். பின்னதற்கு அது உத்தரவாதமன்று.

இயந்திரம் எழுதியதையே மறுபடியும் இயந்திரத்துக்கு ஊட்டினால் என்ன நேரும்? 2024 ஜூலையில் 'நேச்சர்' என்னும் விஞ்ஞான இதழில் வெளியான ஆய்வொன்று இதற்கு விடை தந்தது. பழைய தேவாலயக் கோபுரங்களின் கட்டடக்கலை பற்றிய பகுதியொன்றைக் கொடுத்து எழுதச் சொன்னார்கள். இயந்திரத்தின் எழுத்தைக் கொண்டே அடுத்த இயந்திரத்தைப் பழக்கி, ஒன்பதாவது தலைமுறைக்கு வந்தபோது, கோபுரம் மறைந்து, நீல வால் முயல், சிவப்பு வால் முயல், மஞ்சள் வால் முயல் என்ற பிதற்றலே எஞ்சியது. கழிவுத் தேயிலையையே திரும்பத் திரும்ப அரைத்தால் சாயம் எங்கிருந்து வரும்?

கழிவு பெருகுவது ஏன்?

சமூக வலைத்தளங்கள் நம்மிடம் கட்டணம் கேட்பதில்லை. விளம்பரமே அவற்றின் வருமானம். நாம் எவ்வளவு நேரம் திரையைப் பார்க்கிறோமோ அவ்வளவுக்கு அவற்றுக்கு இலாபம். நிதானமான செய்தியைவிடக் கோபமும் பயமும் வியப்பும் கண்ணைப் பிடித்து நிறுத்துகின்றன. ஆகவே அவையே முன்னுக்குத் தள்ளப்படுகின்றன. முன்பு ஒரு பொய்யைச் சோடித்து எழுத ஆள் வேண்டும், நேரம் வேண்டும். இப்போது செலவில்லாமல் நிமிடத்துக்கு நூறு செய்யலாம். 2025ஆம் ஆண்டின் சொல்லாக அமெரிக்க அகராதியான மெரியம்-வெப்ஸ்டர் தெரிந்தெடுத்தது 'ஸ்லொப்' என்பதை. பன்றிக்கு ஊற்றும் கழுநீரைக் குறித்த சொல் அது. இன்று இவ்வகைச் சரக்குக்குப் பெயராயிற்று. ஊதாரி மைந்தன் பன்றிகளின் தீனியால் வயிற்றை நிரப்ப ஆசைப்பட்டான். அவனுக்கு அதையும் கொடுப்பாரில்லை. நமக்கோ கேளாமலே ஊற்றுகிறார்கள்!

பாப்பரசரையும் இது விட்டு வைக்கவில்லை. 2023 மார்ச்சில், பாப்பரசர் பிரான்சிஸ் பளபளக்கும் வெள்ளைக் குளிரங்கி அணிந்து நடப்பதாக ஒரு படம் உலகெங்கும் பரவியது. இயந்திரம் வரைந்த பொய்ப் படம் அது. 2024ஆம் ஆண்டின் உலகத் தொடர்பு நாளுக்கான செய்தியிலே, இத்தகைய போலிப் படத்துக்குத் தாமும் ஆளானதை அவரே குறிப்பிட்டார்.

கழிவு நெருப்பானபோது

குளிரங்கிப் படத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போகலாம். எல்லாப் பொய்யும் அப்படிப்பட்டதன்று. 2018 பெப்ரவரியில் அம்பாறையில், முஸ்லிம் உணவுக் கடையொன்றில் மலட்டு மாத்திரை கலந்த உணவு விற்கப்படுகிறது என்ற வதந்தி கிளம்பி, கடையும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. பரிசோதித்தபோது அது வெறும் மாவுக்கட்டி. உணவில் கலந்து ஆளை நிரந்தரமாக மலடாக்கும் மாத்திரை மருத்துவ உலகில் இல்லவே இல்லை. ஆனால் அதற்குள் அப்பொய் பேஸ்புக்கில் நாடெங்கும் பரவிவிட்டது. மார்ச் மாதத் தொடக்கத்தில், நமக்கு அயலான கண்டி மாவட்டத்தின் திகனையிலும் தெல்தெனியாவிலும் கலவரம் மூண்டது. அங்கு தாக்கப்பட்ட லொறிச் சாரதி ஒருவரின் மரணம் அதற்குப் பொறியானது. வெறுப்புப் பதிவுகள் எண்ணெய் வார்த்தன. வீடுகளும் கடைகளும் எரிந்தன, உயிர்களும் போயின. அவசரகால நிலை பிரகடனமாயிற்று. பேஸ்புக்கும் வட்ஸ்அப்பும் சில நாட்கள் தடுக்கப்பட்டன. தமது தளம் தவறாகப் பயன்பட்டதற்காக 2020 மே மாதத்தில் பேஸ்புக் நிறுவனம் மன்னிப்புக் கோரியது. எரிந்த வீட்டுக்காரனுக்கு அது காலங் கடந்த மன்னிப்பு.

அந்தப் பொய்களைச் செய்தவர்கள் மனிதர்கள். அவற்றை வீடு வீடாகக் கொண்டு சேர்த்தவர்களும், "எனக்கு வந்தது, அனுப்பினேன்" என்று சொன்ன சாதாரண மனிதர்களே. இன்று பொய்யைச் செய்ய இயந்திரமும் துணைக்கு வந்துவிட்டது. அனுப்புகிற விரல் மட்டும் இன்னும் நம்முடையது.

மலையகத்துக்கு ஒரு தனிக் கவலை

2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா சூறாவளியில் நாட்டில் 600க்கும் மேற்பட்டோர் இறந்தனர்; மலைச்சரிவுகளில் மண் சரிந்து குடும்பங்கள் புதையுண்டன. அத்தகைய இரவிலே கைத்தொலைபேசிக்கு வரும் செய்தி உயிரையும் காக்கும், உயிரையும் எடுக்கும். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மூன்று நிறங்களில் மண்சரிவு எச்சரிக்கை விடுக்கிறது. மஞ்சள் என்றால் விழிப்பாயிருத்தல், செம்மஞ்சள் என்றால் ஆயத்தமாதல், சிவப்பு என்றால் உடனே வெளியேறுதல். பொய்ப் படங்களைப் பத்துத் தடவை பார்த்து ஏமாந்தவன், பதினோராவது தடவை வரும் மெய்யான எச்சரிக்கையையும் நம்பமாட்டான். கழிவு செய்யும் பெருங்கேடு அதுவே. ஐயமிருந்தால் 117ஆம் இலக்கத்தில் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தைக் கேளுங்கள்.

மற்றொன்றும் உண்டு. நம்மைப் பற்றி நாமே எழுதியது இணையத்தில் மிகச் சொற்பம். பிறர் எழுதியவற்றைக் கொண்டே இயந்திரம் நம்மைப் பேசுகிறது. இடைவெளிகளைக் கற்பனையால் நிரப்புகிறது. நாளை நம் பேரப்பிள்ளை தன் தோட்டத்தின் வரலாற்றை அதனிடம் கேட்டால் என்ன கிடைக்கும்? மடகொம்பரைத் தோட்டத்திற் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை (1914–1984) தொழிலாளரின் வாய்ப்பாடல்களைத் தேடித் தொகுத்ததனால் அவை பிழைத்தன. பாடியவரின் வாயருகே காதை வைத்துக் கேட்ட மனிதரின் வேலை அது.

நாம் செய்யத்தக்கவை

முதலாவது, எதையும் அனுப்புமுன் கூடையைக் கிளறிப் பாருங்கள்: சொன்னவர் யார்? எங்கே நடந்தது? எப்போது? இம்மூன்றுக்கும் விடை இல்லாததை உங்களோடு நிறுத்துங்கள். படத்திலுள்ள விரல்களை எண்ணிப் பொய்யைக் கண்டுபிடித்த காலம் போயிற்று.

இரண்டாவது, தவறானதொன்றை அனுப்பிவிட்டால், அதே குழுவிலே திருத்தத்தையும் அனுப்புங்கள். பேசாமல் அழித்துவிட்டால், படித்தவர் மனத்திலிருந்து அது அழியாது.

மூன்றாவது, பாட்டியின் தாலாட்டையும், தோட்டத்தின் பழைய பெயரையும், லயம் கட்டப்பட்ட ஆண்டையும் இளைஞர்கள் கேட்டு, இடமும் திகதியும் குறித்துத் தமிழில் எழுதி வையுங்கள். நல்ல கொழுந்தைப் பறிப்பவர் இல்லையேல், கழிவே கூடையை நிரப்பும்.