ஆலை மூடலும் கிராமமும்: பம்பாய் தரும் பாடம்

நகரத்தில் ஓர் ஆலை மூடப்பட்டால் அதன் துன்பம் நகரத்தோடு நின்றுவிடும் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். அவ்வெண்ணம் தவறு என்பதைப் பம்பாய்ப் பஞ்சாலைகளின் வரலாறு காட்டுகிறது.

ஆலையை வளர்த்த கிராமங்கள்

1854ஆம் ஆண்டில் கவாஸ்ஜி நானாபாய் தாவர் என்னும் பார்சி வணிகர் பம்பாயில் முதல் பஞ்சாலை நிறுவனத்தைத் தொடங்கினார். பின்னர் ஆலைகள் பெருகின. அவற்றுக்கு ஆட்களை அளித்தவை பெரும்பாலும் இரத்தினகிரி, சாத்தாரா முதலிய மாவட்டங்களின் கிராமங்களே. ஆண்கள் ஆலைக்குச் சென்றனர். பெண்கள் ஊரிலிருந்து நிலத்தைக் கவனித்தனர். ஓரூரார் பலர் கூடி ஒரே அறையை வாடகைக்கு எடுத்து, ஒருவர் வேலைக்கு எழுந்த இடத்தில் மற்றவர் படுத்துறங்கினர். மாதந்தோறும் வந்த மணியார்டரே ஊரில் பல குடும்பங்களைத் தாங்கியது.

வீழ்ச்சியின் காரணங்கள்

1982 ஜனவரி 18இல், டாக்டர் தத்தா சாமந்த் தலைமையில், சுமார் இரண்டரை இலட்சம் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். அது ஓராண்டுக்கு மேலும் நீடித்தது. இலட்சத்துக்கு மேற்பட்டோர் வேலை இழந்தனர். ஆயினும், வேலைநிறுத்தம் ஒன்றே காரணம் என்பது முழு உண்மையாகாது. பல ஆலைகளில் பழைய இயந்திரங்கள் புதுப்பிக்கப்படவில்லை. பிவண்டி போன்ற ஊர்களின் விசைத்தறிகள் குறைந்த கூலியில் துணி நெய்தன. ஆலை நின்ற நிலத்தின் விலையோ ஏறிக்கொண்டே இருந்தது. 1991ஆம் ஆண்டின் நகர விதிகள் அந்நிலத்தை விற்க வழி திறந்தன. புகைபோக்கிகள் இருந்த இடங்களில் அங்காடிகளும் அடுக்கு மாளிகைகளும் எழுந்தன.

ஆலை நின்றதும் மணியார்டரும் நின்றது. தறியோடு பழகிய கை ஏர் பிடிக்க வேண்டியதாயிற்று. ஊரிலிருந்த சிறு நிலமோ எல்லோருக்கும் சோறிடப் போதவில்லை.

பின்னர் ஆலை நிலத்தில் ஒரு பகுதி தொழிலாளர் குடியிருப்புக்கென ஒதுக்கப்பட்டது. ஆனால் ஆலையில் உழைத்ததற்குச் சான்று காட்ட வேண்டியிருந்தது. பல்லாண்டு உழைத்தும் ஒரு சீட்டு இல்லாதவன் உரிமையை எங்ஙனம் நிலைநாட்டுவான்?

நாம் செய்யத்தக்கவை

திருப்பூருக்கும் கோயம்புத்தூருக்கும் ஆட்களை அனுப்பும் ஊர்கள் நம்மிடையே பல உள்ளன. ஆகவே, மூன்று செயல்களை நாம் மேற்கொள்ளுதல் நலம்.

1. வெளியூர் வருவாய் முழுவதையும் அன்றாடச் செலவில் கரைக்கலாகாது. ஒரு பங்கைக் கிணறு, கறவை மாடு, கூட்டுறவுச் சங்கச் சேமிப்பு ஆகியவற்றில் இடவேண்டும்.

2. வேலைக்கான உத்தரவு, சம்பளச் சீட்டு, சேமநிதி எண் ஆகியவற்றின் படிகளை ஊரிலுள்ள வீட்டிலும் பத்திரப்படுத்த வேண்டும். சேமநிதி, பணிக்கொடை, ஆட்குறைப்பு ஈட்டுத்தொகை ஆகியவற்றைக் கோர இவையே துணை.

3. வெளியூரில் உழைப்போரின் பட்டியலொன்றைப் பஞ்சாயத்து வைத்திருக்கலாம். ஆலை மூடப்படின், தனித்தனியே அலையாமல் ஒன்றுகூடி மனுச்செய்ய அது உதவும்.

ஆலையைத் திறப்பதும் மூடுவதும் நம் கையில் இல்லை. ஊர் திரும்புபவனுக்கு நிற்க ஓர் இடம் அமைத்து வைப்பது நம் கையில் உள்ளது. அதனை ஆலை ஓடும் காலத்திலேயே செய்தல் வேண்டும்.