கூடிக் கற்றதன் விளைவு

பாலாற்றங்கரை ஊர்களுள் மேல்விஷாரம் ஒன்று. தோல் பதனிடுதலும் தோல் வாணிகமும் அவ்வூரார்க்கு நெடுங்காலமாக வாழ்வளித்து வருகின்றன. தமிழும் உருதுவும் அதன் தெருக்களில் ஒருங்கே ஒலிக்கும். தோல் வாணிகத்தில் ஈட்டிய பொருளை அறத்திற்கும் கல்விக்கும் வாரி வழங்கிய வள்ளல் சி. அப்துல் ஹக்கீம் பிறந்த ஊர் அது. அவர் பெயர் தாங்கிய கல்லூரி 1965-ஆம் ஆண்டில் அங்கே தோன்றியது. மகளிர்க்கெனத் தனிக் கல்லூரியும் அவ்வூரில் உண்டு.

இன்று அவ்வூரில் தமையனும் தங்கையும் ஒரே கதைநூலைப் படித்து, அதன் நிறை குறைகளைத் தம்முள் உரையாடி மகிழ்வது இயல்பான நிகழ்ச்சி. ஆனால், ஒரு காலத்தில் இவ்வெளிய இன்பமும் பெண்களுக்கு அரிதாய் இருந்தது. அத்தடையை மீறிக் கற்ற ஒரு பெண்மணியின் வரலாற்றை இளம் எழுத்தாளர் அனைவரும் அறிதல் நன்று.

பேகம் ரொக்கையா 1880-ஆம் ஆண்டில், இன்று வங்காள தேசத்தில் உள்ள ரங்கபூர் வட்டாரத்தில், பைராபந்து என்னும் சிற்றூரில் பிறந்தார். அவர் தந்தையார் செல்வர். பல மொழி அறிந்தவர். எனினும், பெண்மக்கள் வங்காளமும் ஆங்கிலமும் கற்பதை அவர் விரும்பவில்லை. ரொக்கையாவின் தமையனார் இப்ராகிம் சாபேரோ கல்கத்தாவில் பயின்றவர். தாம் பெற்ற கல்வி தங்கைக்கும் கிட்ட வேண்டும் என்று அவர் விழைந்தார். இரவில் வீட்டார் உறங்கிய பின், மெழுகுவத்தியின் ஒளியில் அவர் தங்கைக்கு ஆங்கிலம் கற்பித்தார். தமக்கையார் கரிமுன்னிசா வங்காள மொழியில் அவருக்கு ஆர்வம் ஊட்டினார். பள்ளிக்கூடம் காணாத அச்சிறுமிக்கு உடன்பிறந்தாரே ஆசிரியரும் நூலகமும் ஆயினர்.

பின்னர் ரொக்கையா பாகல்பூரைச் சார்ந்த சகாவத் உசேன் என்னும் அரசு அலுவலரை மணந்தார். மனைவியார் படிப்பதையும் எழுதுவதையும் அவர் ஊக்கினார். ஒருமுறை அவர் அலுவலின் பொருட்டு வெளியூர் சென்றிருந்தபோது, ரொக்கையா பொழுதுபோக்காக ஆங்கிலத்தில் ஒரு கதை எழுதினார். திரும்பி வந்த கணவர் அதை வாங்கி, அமரவும் மறந்து, நின்றபடியே முழுவதும் படித்து முடித்தார் என்பர். அக்கதையே 'சுல்தானாவின் கனவு.'

அறிந்த அறிவியல் உண்மையைப் படியாக வைத்து, அறியாத ஒன்றை எண்ணி எட்டிப் பார்ப்பது அறிவியற் புனைகதை. ரொக்கையாவின் கதை அவ்வகையைச் சார்ந்தது. அதில் வரும் நாட்டில் பெண்களே ஆட்சி புரிகின்றனர். ஆடவர் வீட்டினுள் அடங்கி வாழ்கின்றனர். அந்நாட்டு அரசி பெண்கள் அனைவரும் கல்வி பெற வேண்டும் என ஆணையிட்டாள். அங்குள்ள மகளிர் பல்கலைக்கழகங்களுள் ஒன்று, வானில் மிதக்கும் கூண்டினால் முகிலிலிருந்து நீரை ஈர்க்கும் முறையைக் கண்டது. மற்றொன்று கதிரவனின் வெப்பத்தைத் திரட்டிச் சேமிக்கும் கருவியைக் கண்டது. ஆடவர் இம்முயற்சிகளை எள்ளி நகையாடினர். பின்னர்ப் பகைவர் படையெடுத்து வந்தபோது, நாட்டைக் காத்தது அக்கதிரவன் வெப்பமே. கதிரவன் ஆற்றலால் அடுப்பு எரிவதும் விளக்கு எரிவதும் இன்று நாம் கண்ணாற் காண்பவை. அக்காலத்தில் அவை பெரும்பாலோர்க்குக் கனவாகவே இருந்தன.

இக்கதை முதலில் வெளியான இடம் வங்காளம் அன்று. நம் சென்னை நகரம். கமலா சத்தியநாதன் என்னும் அம்மையார் 1901-ஆம் ஆண்டில் சென்னையில் 'இந்தியன் லேடீஸ் மேகசின்' என்னும் ஆங்கில இதழைத் தொடங்கி நடத்தி வந்தார். 1905-ஆம் ஆண்டில் அவ்விதழ் ரொக்கையாவின் கதையை வெளியிட்டது. 1908-இல் அது நூலாயிற்று. தமையனார் கற்பித்தார், கணவர் படித்துப் பாராட்டினார், முகமறியாத இதழாசிரியர் ஒருவர் அதனை உலகறியச் செய்தார். இவருள் ஒருவர் இல்லாதிருப்பினும் அக்கனவு அந்தப்புரத்திலேயே மறைந்திருக்கக் கூடும்.

ரொக்கையா கனவோடு நின்றாரல்லர். 1909-இல் கணவர் மறைந்தார். அவ்வாண்டே அவர் ஐந்து மாணவியருடன் பாகல்பூரில் ஒரு பள்ளியைத் தொடங்கினார். 1911-இல் எட்டு மாணவியருடன் அதனைக் கல்கத்தாவில் மீண்டும் நிறுவினார். 1932-இல் தாம் மறையும்வரை அதன் பொருட்டே உழைத்தார். 1924-இல் வெளிவந்த 'பத்மராகம்' என்னும் நாவலைத் தமையனாருக்கே உரிமையாக்கினார். இரவில் பெற்ற கல்வியை அவர் இறுதிவரை மறக்கவில்லை.

எழுதியதைப் பிறர்க்குக் காட்டுவோர் புகழுரையை மட்டும் நாடுதல் கூடாது. வானியல் அறிஞர் ஜயந்த் நார்லிகர் 1974-இல் மராத்தி அறிவியற் கழகம் நடத்திய கதைப் போட்டிக்குத் தம் பெயரை மறைத்து, வேறொரு பெயரில் கருந்துளை பற்றிய கதையை அனுப்பினார். தம் பெயருக்காக அன்றித் தம் எழுத்துக்காகவே அது மதிக்கப்பட வேண்டும் என்பது அவர் கருத்து. அக்கதை முதற்பரிசு பெற்றது. நடுநிலையோடு படிப்பவரே எழுத்தாளனுக்கு உற்ற நண்பர்.

மேல்விஷாரத்தில் அறிவியற் கதை எழுத விரும்பும் மாணவி பொருளைத் தேடி வெளியே செல்ல வேண்டுவதில்லை. பாலாறு ஆண்டின் பெரும்பகுதி மணற்பரப்பாகவே காட்சி தருகிறது. தோல் தொழிற்கூடங்களின் கழிவால் அதன் படுகையில் பல இடங்களில் நிலத்தடி நீர் கெட்டது. 1996-ஆம் ஆண்டில் உச்சநீதிமன்றம் இவ்வட்டாரத் தொழிற்கூடங்களைப் பற்றிய வழக்கில், மாசுபடுத்தியவரே அதனைப் போக்கும் செலவை ஏற்றல் வேண்டும் என்னும் நெறியை நிலைநாட்டியது. தொழிலும் வாழ வேண்டும்; ஆறும் வாழ வேண்டும். இரண்டும் ஒருங்கே வாழும் நாளை அம்மாணவி கதையாக்கலாம்.

அதனை அவள் தனித்திருந்து எழுத இயலுமா? சுண்ணாம்புக் குழியையும் ஆவாரம்பட்டையையும் பற்றி முதிய தொழிலாளியிடம் கேட்டறிதல் வேண்டும். மெல்லிய சவ்வின் வழியே அழுத்தி நீரினின்று உப்பைப் பிரிக்கும் முறையை வேதியியல் பயிலும் தோழியிடம் கேட்டறிதல் வேண்டும். எழுதி முடித்தபின், இப்பகுதி பொருந்தவில்லை என்று அஞ்சாது உரைக்கும் ஒருவரிடம் படிக்கக் கொடுத்தல் வேண்டும். அத்தகையோர் நால்வர் கூடினால் கையெழுத்து இதழ் ஒன்று பிறந்துவிடும்.

வள்ளுவர் கல்வி, கல்லாமை என்னும் அதிகாரங்களை அடுத்துக் கேள்வி என்னும் அதிகாரத்தை வைத்தார். கற்றோரிடம் கேட்டறியும்போதே கல்வி நிறைவுறுகிறது. மாணவர்களே! நீங்கள் படித்த நல்ல நூல் ஒன்றை இன்றே உங்கள் தங்கையிடமோ தோழனிடமோ கொடுங்கள். பைராபந்தில் ஒரு தமையன் ஏற்றிய மெழுகுவத்தி ஒரு பள்ளியாக வளர்ந்ததை நினைவிற் கொள்ளுங்கள்.