பழைய மடிக்கணினி திறக்கவில்லையா? மெமரி கார்டு மூலம் கடைக் கணக்கை மீட்கும் முறை

தமிழக அரசு 2011 செப்டம்பர் 15-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் பிள்ளைகளுக்குக் கிடைத்த பெட்டிகள் பல இன்று கடைகளில் வேலை செய்கின்றன. பிள்ளை படிப்பை முடித்ததும் பெட்டி கல்லாவுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டது. விருத்தாசலத்தில் மளிகையானாலும் பீங்கான் சாமான், அகல்விளக்கு மொத்த வியாபாரமானாலும், சரக்கு இருப்பு, பற்று வரவு, ஜி.எஸ்.டி. பில் எல்லாம் அதற்குள்தான்.

ஒருநாள் விண்டோஸ் திறக்க மறுக்கிறது. "ஃபார்மட் செய்துவிடலாம்" என்கிறார் பழுது பார்ப்பவர். சரி என்று சொல்லிவிடாதீர்கள். ஜி.எஸ்.டி. சட்டத்தின் 36-ஆம் பிரிவுப்படி, ஓர் ஆண்டின் கணக்குகளை அந்த ஆண்டுக்கான வருடாந்திர ரிட்டர்ன் தாக்கல் செய்யவேண்டிய கடைசி நாளிலிருந்து 72 மாதங்கள் வரை வைத்திருக்க வேண்டும். ஃபார்மட் செய்தால் அவை போய்விடும்.

கடைப் பூட்டு மக்கர் செய்தால் உள்ளே இருக்கும் சரக்கு கெட்டுப்போவதில்லை. விண்டோஸ் கெடுவதும் அப்படித்தான். ஹார்ட் டிஸ்க்கில் கணக்கு பெரும்பாலும் பத்திரமாகவே இருக்கும். பின்வாசல் வழியாக உள்ளே போக ஒரு மெமரி கார்டு போதும்.

வேறொரு கணினியில் லினக்ஸ் மின்ட்டையோ, சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸையோ இறக்கிக்கொள்ளவும். (அரசு மடிக்கணினிகளில் விண்டோஸோடு சேர்த்துக் கொடுத்தது இந்த பாஸ்தான், அதைத் திறந்து பார்த்தவர்கள் குறைவு.) 8 ஜி.பி. அல்லது அதற்கு மேற்பட்ட கார்டு வேண்டும். கோப்பைக் கார்டில் காப்பி செய்தால் மட்டும் போதாது. ரூஃபஸ் போன்ற மென்பொருளால் எழுத வேண்டும். அதில் எம்.பி.ஆர். என்பதைத் தேர்ந்தால் பழைய பெட்டிகளுக்கு ஒத்துவரும். கார்டில் ஏற்கெனவே உள்ள படங்கள் எல்லாம் அழிந்துவிடும் என்பதையும் கவனிக்க.

இனிதான் சிக்கல். கார்டை மடிக்கணினியின் பக்கவாட்டுத் துளையில் செருகினால் பல பெட்டிகள் அதைக் கண்டுகொள்வதே இல்லை. கார்டைக் குறை சொல்லிப் பயனில்லை. சில மடிக்கணினிகளில் அந்தத் துளை உள்ளே யூ.எஸ்.பி. வழியாக இணைந்திருக்கும், அவற்றில் கார்டிலிருந்து பூட் ஆகும். வேறு பலவற்றில் பி.சி.ஐ. வழியாக இணைந்திருக்கும். அந்தத் துளையைப் படிக்கத் தேவையான டிரைவர் விண்டோஸோ லினக்ஸோ ஏறிய பிறகுதான் வேலை செய்யும். பெட்டி விழிக்கும் நேரத்தில் பயாஸுக்கு அப்படி ஒரு துளை இருப்பதே தெரியாது. எவ்வளவு நேரம் பயாஸ் அமைப்பைப் புரட்டினாலும் பலன் கிடைக்காது. அதே கார்டை ஒரு சாதாரண யூ.எஸ்.பி. கார்டு ரீடரில் போட்டுச் செருகினால் பயாஸ் அதைப் பென் டிரைவாகவே எடுத்துக்கொள்ளும். பாதிச் சிக்கல் இதிலேயே தீர்ந்துவிடும்.

பெட்டியை இயக்கியதும் லெனோவோவில் எஃப் 12, எச்.பி.யில் எஃப் 9 விசையைத் தட்டினால் பூட் மெனு வரும். ஏசரில் எஃப் 12 பேசாமல் இருந்தால் எஃப் 2 மூலம் பயாஸுக்குள் போய் அந்த மெனுவை இயக்கிவிட வேண்டும். பட்டியலில் கார்டு தெரிந்தும் திறக்கவில்லை என்றால் செக்யூர் பூட் தடுக்கிறதா என்று பாருங்கள். ஏசரில் சூப்பர்வைசர் கடவுச்சொல் ஒன்றை வைத்த பிறகுதான் அதை நிறுத்த முடியும். அந்தக் கடவுச்சொல்லைப் பேரேட்டில் குறித்துக்கொள்ளவும்! 64 பிட் பிராசசர் தேவை என்று திரையில் ஒரு வரி வந்தால், உங்கள் பெட்டி 32 பிட். அதற்குரிய பதிப்பை எழுதிக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு முறையும் தேதி பின்னோக்கிப் போய், மாற்றிய அமைப்பும் மறந்துபோனால் உள்ளே உள்ள சிறு பேட்டரி தீர்ந்திருக்கிறது.

லினக்ஸ் திரை வந்ததும் "இன்ஸ்டால்" பக்கம் போகவே வேண்டாம். ஹார்ட் டிஸ்க்கைத் திறந்து கணக்குக் கோப்புகளைத் தேடவும். டேலி பயன்படுத்துவோர் டேட்டா என்ற ஃபோல்டரை முழுதாக எடுக்க வேண்டும். அதற்குள் எண்ணில் பெயரிட்டு இருப்பவைதான் உங்கள் நிறுவனக் கணக்குகள். டிஸ்க்கில் எழுத முடியாது, படிக்க மட்டும் முடியும் என்று லினக்ஸ் சொல்லலாம். விண்டோஸ் சரியாக மூடப்படாததால் வருவது அது. நமக்குப் படிக்க முடிந்தால் போதும். ஆனால் காப்பியை இன்னொரு பென் டிரைவில்தான் போட வேண்டும். அங்கே தெரியும் டெஸ்க்டாப்பில் போட்டால் பெட்டியை அணைத்ததும் மறைந்துவிடும்.

டிஸ்க்கிலிருந்து டக் டக்கென்று சத்தம் வந்தால் உடனே அணைத்துவிட்டு, தகவல் மீட்பு தெரிந்தவரிடம் கொடுங்கள். அந்த நிலையில் மேலும் முயல்வது டிஸ்க்கை இன்னும் கெடுக்கும்.

மீட்ட கணக்கை வேறொரு கணினியில் திறந்து, கடைசி நாள் இருப்பும் கைரொக்கமும் சரிதானா என்று பார்த்த பிறகு பழுது பார்ப்பவரிடம் ஃபார்மட் செய்யச் சொல்லலாம்.